கூப்பன் மர்மம்: 100 சீட்டு அச்சடித்தால் கடைக்கு வருவது 1!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் டியாகோ நகரசபை, 2025-ம் ஆண்டு ஒரு புதுமையான சட்டத்தை நிறைவேற்றியது.

மளிகைக் கடைகள் செல்போன் மூலம் கொடுக்கும் கூப்பன் சலுகையை, செல்போன் இல்லாதவர்களுக்கும் காகிதத்தில் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம்.

“ஒரு துண்டுச் சீட்டுக்கு இவ்வளவு பெரிய சட்டமா?” என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் அந்தத் துண்டுச் சீட்டை வைத்துத்தான் அங்கே கோடிக்கணக்கான டாலர் புரளுகிறது. அதனால் கோர்ட்டு வழக்கு நடந்திருக்கிறது. ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனியின் தலைவருக்கு வேலையே போயிருக்கிறது!

அதன் விவரம் வருமாறு:-

ஓசி சோடா

அமெரிக்கக் கூப்பனுக்கு வயது 130-க்கு மேல் ஆகிறது. அதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது கோகோ கோலா கம்பெனி.

அட்லாண்டா நகரில் மருந்து வியாபாரம் செய்து வந்த ஆசா கேண்ட்லர் என்பவர் அந்தக் கம்பெனியை வாங்கினார். அப்போது அந்தப் பானத்தை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஒரு கிளாஸ் 5 சென்ட்.

“இந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கிளாஸ் இலவசம்” என்று கூப்பன் அடித்து ஊர் ஊராகக் கொடுத்தார்கள். சோடாக் கடைக்காரருக்கு அதற்கான பணத்தைக் கம்பெனி கொடுத்துவிடும்.

1894-ல் இருந்து 1913 வரை இப்படி ஓசியில் கொடுத்தது 85 லட்சம் கிளாஸ்! அமெரிக்கர்களில் 9 பேரில் ஒருவர் ஓசிக் கோலா குடித்ததாகக் கணக்கு.

ஓசியில் ருசி பார்த்தவர்கள் அடுத்த தடவை காசு கொடுத்துக் குடித்தார்கள். சூட்சுமம் அவ்வளவுதான்.

தலைக்கு ஆயிரம்

அதன் பிறகு சோப்பு, பற்பசை, காலை உணவு என்று எல்லாப் பொருளுக்கும் கூப்பன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு கத்தை கத்தையாக வரும். வீட்டுக்காரர்கள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

2011-ம் ஆண்டில் மட்டும் அங்கே மளிகை மற்றும் வீட்டு உபயோகப் பொருள்களுக்கு வினியோகித்த கூப்பன்கள் 30 ஆயிரத்து 500 கோடி! அன்றைய ஜனத்தொகையைக் கணக்குப் பார்த்தால், கைக்குழந்தை உள்பட ஆளுக்கு ஏறத்தாழ ஆயிரம் கூப்பன்.

அதில் கடைக்குத் திரும்பி வந்தது எத்தனை தெரியுமா? வெறும் 350 கோடி. அதாவது, 87-ல் ஒன்று! மற்றதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது.

வந்த அந்த ஒன்றிலேயே மக்களுக்கு மிச்சமான பணம் 460 கோடி டாலர்.

“இவ்வளவு காகிதத்தை வீணாக்குவதற்கு, விலையையே பேசாமல் குறைத்துவிடலாமே! கம்பெனிக்காரனுக்குப் புத்தி இல்லையா?”

புத்தி நிறையவே இருக்கிறது. அதுதான் விஷயம்.

ஒரே சோப்பு, இரண்டு விலை!

ஒரு சோப்புத் தூள் 5 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதிக்காரர் விலையைப் பார்க்காமல் எடுத்துப் போடுவார். சிக்கனக்காரர் “5 டாலரா? வேண்டாம்” என்று வேறு சோப்பைத் தேடுவார்.

எல்லாருக்கும் 4 டாலர் என்று குறைத்தால், 5 கொடுக்கத் தயாராக இருந்தவரிடமும் 1 டாலர் நஷ்டம். அதற்காகக் கல்லாவில் நின்றுகொண்டு, “உங்களுக்கு 5, அவருக்கு 4” என்று ஆளைப் பார்த்து விலை சொல்ல முடியுமா? சண்டை வந்துவிடும்.

கூப்பன் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. வெட்டி, அடுக்கி, ஞாபகமாக எடுத்து வருகிற சிரமத்தை ஏற்பவருக்கு 4. அலட்சியமாக இருப்பவருக்கு 5. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆக, கூப்பன் என்பது ஒரு சல்லடை. எல்லாரும் அதைப் பயன்படுத்திவிட்டால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. குப்பைக்குப் போனால்தான் லாபம்!

சக்கரவர்த்தி நரசிம்மன் என்ற பேராசிரியர் 1984-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். கூப்பன் உபயோகிப்பவர்கள்தான் விலை ஏற்ற இறக்கத்தைக் கூர்ந்து கவனிப்பவர்கள் என்று அவர் காட்டினார்.

ஏழைக்கு எட்டவில்லை

“அப்படியானால் ஏழைகள்தானே அதிகமாகக் கூப்பன் வெட்டுவார்கள்?”

அதுதான் இல்லை! படித்த, நடுத்தரக் குடும்பத்தார்தான் ரொம்பவும் ஏழையாக இருப்பவர்களைவிட அதிகமாகக் கூப்பன் உபயோகிக்கிறார்கள் என்று பல ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. கூப்பன் வேண்டுமானால் முதலில் பத்திரிகை வாங்க வேண்டும். “இரண்டு வாங்கினால் 1 டாலர் தள்ளுபடி” என்றால் இரண்டுக்கும் கையில் காசு வேண்டும். நாலு கடை ஏறி இறங்கக் கார் வேண்டும். வாங்கியதை வைக்க வீட்டில் இடம் வேண்டும்.

அதுவும் பெரும்பாலும் விளம்பரம் செய்கிற பெரிய கம்பெனிச் சரக்குக்குத்தான் கூப்பன். காய்கறிக்கும் கறிக்கும் அவ்வளவாகக் கிடையாது. கூப்பனைக் கழித்த பிறகும், பக்கத்திலேயே இருக்கும் பேரில்லாத சாதாரணச் சரக்கு இன்னும் மலிவாக இருப்பதும் உண்டு.

கடைசி நாள் அவசரம்

கூப்பனில் கெடு தேதி போட்டிருப்பார்கள். அதுவும் ஒரு தந்திரம்தான். கெடு முடியப்போகிற நேரத்தில் “அய்யய்யோ, வீணாகப் போகிறதே” என்று ஓடிவந்து வாங்குவோர் கூட்டம் கூடுகிறது என்பதை 1994-ல் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

2002-ல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட வேடிக்கை. கடைக்குள் நுழைந்தவர்களில் சிலருக்கு எதிர்பாராமல் ஒரு கூப்பனைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூப்பன் கிடைத்தவர்கள், வாங்க நினைக்காத சாமான்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் செலவு கூடிவிட்டது!

பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுச் சாமான் கடையின் 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் நாடு முழுக்கப் பிரசித்தம். கெடு தாண்டிப் போனாலும் வாங்கிக்கொள்வார்கள் என்று ஜனங்கள் டிராயர் நிறையச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் கடை திவால் நோட்டீஸ் கொடுத்தது. கூப்பனும் செல்லாது என்று ஆனது.

உடனே பிக் லாட்ஸ், கன்டெய்னர் ஸ்டோர் ஆகிய வேறு கடைகள், “அந்தக் கூப்பனை எங்களிடம் கொண்டு வாருங்கள், நாங்கள் தள்ளுபடி தருகிறோம்” என்று கூவி அழைத்தன. செத்த கடையின் சீட்டுக்கும் மவுசு!

நிறுத்திப் பார்த்தார்கள், கையைச் சுட்டது

கூப்பனை ஒழித்துக்கட்டப் பார்த்தவர்களும் உண்டு.

புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி, 1996-ல் நியூயார்க் மாநிலத்தில் பபலோ, ரோச்செஸ்டர், சிராக்யூஸ் ஆகிய 3 நகரங்களில் கூப்பனை நிறுத்தியது. “100-க்கு 2 கூட வருவதில்லை. அதற்குப் பதிலாக விலையைக் குறைக்கிறோம்” என்பது அதன் வாதம்.

ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள். கையெழுத்து இயக்கம், ஆர்ப்பாட்டம், பகிஷ்காரம் எல்லாம் நடந்தது. 1997-ல் சோதனை கைவிடப்பட்டது. கம்பெனிகள் கூடிப் பேசிக் கூப்பனை நிறுத்தினார்களா என்று மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணையில் இறங்கினார். தவறு செய்யவில்லை என்று சொன்னாலும், கடைசியில் கம்பெனிகள் 42 லட்சம் டாலர் அளவுக்குச் சமரசம் செய்துகொண்டன.

அதைப் பார்த்தும் பாடம் படிக்காதது ஜே.சி.பென்னி ஜவுளிக் கடை. ஆப்பிள் கம்பெனிக் கடைகளை நடத்திப் பேர் வாங்கிய ரான் ஜான்சன், அதன் தலைவராக வந்தார். 2012 பிப்ரவரியில் கூப்பனையும் அடிக்கடி வரும் தள்ளுபடியையும் எடுத்துவிட்டு, “தினமும் நியாய விலை” என்று அறிவித்தார்.

விலை குறைந்தது. கூட்டமும் குறைந்தது! அந்த ஆண்டு விற்பனை 25 சதவீதம் சரிந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சனுக்குச் சீட்டுக் கிழிந்தது. கூப்பன் திரும்பவும் வந்தது.

விலை குறைவு மட்டும் ஜனங்களுக்குப் போதவில்லை. “கெட்டிக்காரத்தனமாக வாங்கிவிட்டோம்” என்ற திருப்தியும் வேண்டியிருக்கிறது.

கள்ளச் சீட்டு

கூப்பனை வாங்கும் கடைக்காரருக்குக் கம்பெனி சீட்டில் உள்ள தொகையையும், கூடவே சிரமத்துக்காக 8 சென்ட்டும் கொடுப்பது வழக்கம். சீட்டுகளை மூட்டை கட்டிக் கணக்குப் பார்க்கும் நிலையங்களுக்கு அனுப்புவார்கள்.

பல கூப்பன்களில் “ரொக்க மதிப்பு ஒரு சென்ட்டில் 100-ல் ஒரு பங்கு” என்று பொடி எழுத்தில் இருக்கும். பழைய காலத்துச் சட்டம் சில மாநிலங்களில் அப்படிக் கேட்கிறது. அதன்படி 1 டாலர் ரொக்கம் வேண்டுமானால் 10 ஆயிரம் சீட்டு சேர்க்க வேண்டும்!

ஆனால் கள்ளச் சீட்டு அடிப்பவர்களுக்கு மதிப்பு வேறு. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெண்மணி வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் அசல் போலவே கூப்பன் தயாரித்து விற்றார். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் நஷ்டம் 3 கோடி டாலருக்கு மேல். 2021-ல் கோர்ட்டு விதித்த தண்டனை 12 வருடம் ஜெயில்.

சல்லடை மாறிவிட்டது

கள்ளச் சீட்டுத் தொல்லை, அச்சுச் செலவு, குறைந்துபோன பத்திரிகை விற்பனை எல்லாம் சேர்ந்து கூப்பனைச் செல்போனுக்குள் தள்ளிவிட்டன. 2020-ல் கொரோனா காலத்தில், செல்போன் கூப்பன் உபயோகம் பத்திரிகைக் கூப்பனை முந்திவிட்டது.

இப்போது கடை அலமாரியிலேயே இரண்டு விலை தொங்குகிறது. பெரிய எழுத்தில் இருப்பது செல்போன் கூப்பன் விலை. கடையின் செயலியில் பெயர், நம்பர் எல்லாம் பதிந்து, அந்தந்தக் கூப்பனைத் தொட்டுச் சேர்த்தால்தான் அது கிடைக்கும்.

பழைய கூப்பனுக்குக் கத்தரிக்கோலும் கொஞ்சம் நேரமும் போதும். வெட்டியவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. புதுக் கூப்பனுக்கு ஸ்மார்ட்போன் வேண்டும். யார், என்று, எதை வாங்கினார் என்ற கணக்கும் கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது.

65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களில் ஏறத்தாழ 4-ல் ஒருவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை என்று 2023-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கு சொல்கிறது. பென்ஷன் பணத்தில் காலம் தள்ளுகிறவர்கள், காலமெல்லாம் கத்தரித்துக் கத்தரித்துக் காசு சேர்த்தவர்கள், இன்று முழு விலை கொடுக்கிறார்கள்.

முன்பு சோம்பேறியைச் சலித்து எடுத்த சல்லடை, இப்போது வயதானவரையும் இல்லாதவரையும் சலித்து எடுக்கிறது. அவர்கள் சிரமப்படத் தயார்தான். ஆனால் எந்தச் சிரமப்பட்டாலும் அந்த விலை கிடைக்காது.

சான் டியாகோ நகரசபை குறுக்கே வந்தது இதனால்தான்.

வேறு ஊர்க் கடைகளிலும் அதே இரண்டு விலை தொங்குகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய எழுத்தைப் படித்துவிட்டு வருகிற பாட்டிக்கு, சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்பது கல்லாவுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது!