இலக்கணம் முடித்த பிறகா?

ரிஷிகேசத்தில் சிவானந்தர் ஆசிரமம் நடத்தும் யோக-வேதாந்தப் பயிற்சி இரண்டே மாதம். அதை முடிக்கும் சிலருக்கு ஆசை அதோடு அடங்குவதில்லை. மொழிபெயர்ப்பின் தயவில்லாமல், குருவின் எதிரில் உட்கார்ந்து, சங்கர பாஷ்யத்தை வரிவரியாகப் படித்துவிட வேண்டும். 1880-இல் தோன்றிய கைலாஸ் ஆசிரமம், பாஷ்ய பாடத்துக்குப் பேர்போனது, பக்கத்திலேயே இருக்கிறது.

ஆசைப்படுபவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். பென்ஷன் உறுதியாகிவிட்டது, பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. நோட்டை எடுத்து அட்டவணை போடுகிறார். முதல் வரி: சமஸ்கிருத இலக்கணம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

இலக்கணத்துக்குப் பன்னிரண்டு வருடம் என்பது பஞ்சதந்திரத்தின் முகப்பிலேயே அரசனுக்குச் சொல்லப்படும் கணக்கு. பாணினியின் சூத்திரங்கள் ஏறக்குறைய 4,000. அதைச் சுருக்கித் தரும் வரதராஜரின் லகு கௌமுதியே லேசில் முடியாது. பட்டோஜி தீட்சிதரின் சித்தாந்த கௌமுதிக்குள் நுழைந்தவர் வேதாந்தத்துக்குத் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம்தான்.

சங்கரரின் உரைநடைக்கு இத்தனை தளவாடம் தேவையில்லை. சந்தி, சமாசம், வேற்றுமை, வினை வடிவங்கள் பிடிபட்டால் ஆசிரியர் துணையோடு கீதை பாஷ்யத்தில் இறங்கிவிடலாம். மிச்ச இலக்கணம் பாடத்தோடு வளரும். ஆள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். எதிராளியின் கட்சியைச் சங்கரரே முதலில் வலுவாக எடுத்து வைப்பார். அது எங்கே முடிந்து அவர் பதில் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வாதமுறை தெரிய வேண்டும். அதற்கு அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம். வேத வாக்கியத்துக்குப் பொருள் நிர்ணயிக்கும் மீமாம்சை விதிகளும் கொஞ்சம் வேண்டும். பலரது அட்டவணையில் இந்த வரி இருப்பதே இல்லை.

தத்துவபோதம், வேதாந்தசாரம் போன்ற சிறு நூல்கள், பிறகு கீதை, உபநிஷத்துகள், கடைசியில் பிரம்மசூத்திரம் என்பது பொதுவான வரிசை. சங்கரர் கணக்கில் சூத்திரங்கள் 555. வாரத்துக்கு இரண்டு என்றாலும் ஐந்து வருடத்துக்கு மேல். முதல் நான்கு சூத்திரங்களின் பாஷ்யத்தோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாஷ்யத்தின் சாரம் அதில் இருக்கிறது.

எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறக்காது. சூத்திரருக்கு வேதக் கல்வியை மறுக்கும் பகுதி அதே பாஷ்யத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. பழைய பாடசாலைகள் சிலவற்றில் அது வெறும் ஏட்டு வாதமாக நின்றுவிடவில்லை. பெண்களுக்கும் அதே கதிதான். 2015-இல் மறைந்த சுவாமி தயானந்த சரஸ்வதி நடத்திய மூன்று வருடப் பாடங்களில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள், பாணினி உட்பட. கோவைக்கு அருகே ஆனைகட்டியில் அவர் குருகுலம் தொடங்கியது 1990-இல். அங்கே ஆங்கிலம் போதும். ரிஷிகேசத்தில் இந்தி தெரியாதவர் பாடு திண்டாட்டம்.

ஆகவே பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு மாதம் பாடத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம். ‘இலக்கணத்தை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று கடிதம் போடுபவர்கள் தங்கள் வயதைக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆசிரியருக்கு எழுபது தாண்டிவிட்டது என்பதைச் சேர்ப்பதில்லை.