ஆண்ட்ரியாஸ் டோபா ஹீரோதான்... ஆனால், எந்த நொடியில்?

2016 ஆகஸ்ட் 6. ரியோ ஒலிம்பிக், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தகுதிச் சுற்று. ஜெர்மனி அணியின் ஆண்ட்ரியாஸ் டோபா ஃப்ளோர் பயிற்சியில் கரணம் அடித்துத் தரையிறங்குகிறார். முழங்கால் நிற்கவில்லை. வலியில் முகம் கோண, அழுதபடி அரங்கை விட்டு வெளியேறுகிறார். பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான்: அவ்வளவுதான், இவருடைய ஒலிம்பிக் முடிந்தது.

முடியவில்லை. சிறிது நேரத்தில் அதே டோபா திரும்பி வந்தார். அடுத்த கருவியான பொம்மல் ஹார்ஸில் ஏறினார். முழுப் பயிற்சியையும் செய்து முடித்து, 14.233 புள்ளிகள் எடுத்தார். முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் கிழிந்திருந்தது பரிசோதனைக்குப் பிறகே உறுதியானது. ஜெர்மனி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. மறுநாள் அவர் நாட்டின் ஊடகங்கள் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தன: ‘ஹீரோ டி ஜெனீரோ’.

அந்த வீடியோவைப் பார்த்துச் சிலிர்க்காதவர்கள் குறைவு. எனக்கும் சிலிர்த்தது. ஆனால், இத்தனை வருடம் கழித்தும் டோபா என்றால் அந்த ஒரு காட்சி மட்டும்தான் நினைவுக்கு வருகிறது என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்த நாளில் அவர் செய்த இரண்டு காரியங்களில் ஒன்றை மட்டும்தான் நாம் கொண்டாடுகிறோம். இன்னொன்றை யாரும் பேசுவதே இல்லை.

அந்த இன்னொன்று என்ன? அவர் மூன்றாவது கருவியில் ஏறவில்லை.

யார் இந்த டோபா?

1990-ல் ஹானோவர் நகரில் பிறந்தவர். அப்பா மாரியுஸ் டோபாவும் ஜிம்னாஸ்ட்தான்; ருமேனியாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடி, பிறகு ஜெர்மனிக்காகவும் ஆடியவர். ஆக, வீட்டிலேயே ஒலிம்பிக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை.

ஆனாலும், அந்தத் தலைமுறை ஜெர்மன் அணியில் வெளிச்சம் முழுக்க வேறு இருவர் மீதுதான் இருந்தது. ஒருவர் ஃபேபியன் ஹாம்பூஷென். ஹை பாரில் 2008-ல் வெண்கலம், 2012-ல் வெள்ளி, 2016-ல் தங்கம் என்று படிப்படியாக ஏறியவர். இன்னொருவர் மார்செல் குயென். லண்டன் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி வாங்கியவர். டோபாவும் லண்டன் அணியில் இருந்தார். அணி ஏழாவது இடம். அவர் பெயர் செய்தியாகவில்லை.

எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார் இல்லையா? ஆறு வேலையையும் ஓரளவு நன்றாகச் செய்வார், எதிலும் முதல் பரிசு வாங்க மாட்டார், ஆனால் அவர் லீவு போட்டால் டீமே தடுமாறும். ஜிம்னாஸ்டிக்ஸில் அப்படிப்பட்ட ஆள் டோபா. ஆண்களுக்கு ஆறு கருவிகள்: ஃப்ளோர், பொம்மல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார். ஆறிலும் நம்பி இறக்கக்கூடியவர்.

ஏன் ஏறினார்? ஒரு சின்னக் கணக்கு

ரியோவில் அணிப் போட்டியின் விதி 5-4-3. அணியில் ஐந்து பேர். தகுதிச் சுற்றில் ஒவ்வொரு கருவியிலும் நான்கு பேர் ஏறுவார்கள். அதில் சிறந்த மூன்று மதிப்பெண்கள் மட்டும் கணக்கில் வரும். அதாவது ஒருத்தர் சொதப்பினாலும் பரவாயில்லை, அவருடைய மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஒருவர் காயமடைந்தால் இந்த வசதி போய்விடும். மீதி நான்கு பேரும் எல்லாக் கருவியிலும் ஏற வேண்டும், தனக்குச் சரியாக வராத கருவியிலும்கூட. அல்லது மூன்று பேரை மட்டும் ஏற்றி, மூவரில் யாரும் தவறு செய்யக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டும். வெளியில் இருக்கும் மாற்று வீரரைப் பாதிப் போட்டியில் கொண்டுவர முடியாது.

பொம்மல் ஹார்ஸ் என்பது பெரிய பெரிய ஆட்களையே கீழே தள்ளும் கருவி. கை ஒரு சென்டிமீட்டர் தவறினால் போதும், தாளம் போய்விடும். அதில் நம்பிக்கையான ஒரு மதிப்பெண் இல்லையென்றால் இறுதிச் சுற்றுக் கனவு கேள்விக்குறி. டோபா ஏறியதற்குப் பின்னால் இருந்தது வெறும் உணர்ச்சி வேகம் மட்டுமல்ல, இந்தக் கணக்கும்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆறு கருவிகளில் கால் மீது எடையே விழாத கருவி என்று சொன்னால் அது பொம்மல் ஹார்ஸ்தான். பயிற்சி முழுக்க உடலின் எடை கைகளில் இருக்கும். கால்கள் இரண்டும் ஒட்டியபடி, நீட்டியபடி வட்டமடிக்கும். அதற்காக வலிக்காது என்று அர்த்தமில்லை. கிழிந்த முழங்காலோடு காலை நீட்டி வீசிச் சுழற்றும்போது அந்த மூட்டு எப்படி இழுபடும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால் ஓட வேண்டாம், எம்ப வேண்டாம். கடைசியில் ஒரு முறை, ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரத்திலிருந்து இறங்கினால் போதும்.

அதற்கு அடுத்தது ரிங்ஸ். அங்கே கதை வேறு. இரண்டரை மீட்டருக்கு மேல் தொங்கும் வளையங்களிலிருந்து, காற்றில் கரணம் அடித்து, இரண்டு காலில் ‘தொப்’பென்று இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். அதற்கடுத்த வால்ட்டில் முழு வேகத்தில் ஓடிவந்து பலகையை உதைத்து எழும்ப வேண்டும்.

டோபா ரிங்ஸில் ஏறவில்லை. அங்கேயே நிறுத்திக்கொண்டார். மீதிக் கருவிகளை மற்ற நால்வர் பார்த்துக்கொண்டார்கள்.

ரிங்ஸிலும் ஏறிய ஒருவர்

இது ஏன் முக்கியம் என்று புரிய, நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1976, மான்ட்ரியால் ஒலிம்பிக். ஜப்பான் அணியின் ஷுன் ஃபுஜிமோட்டோ. அவருக்கும் ஃப்ளோர் பயிற்சியில்தான் முழங்காலில் அடி. முழங்கால் சில்லு உடைந்தது. வெளியே சொல்லவில்லை. அடுத்து பொம்மல் ஹார்ஸில் ஏறி 9.5 எடுத்தார். டோபாவின் கதைக்கும் இதற்கும் இதுவரை வித்தியாசமே இல்லை.

ஃபுஜிமோட்டோ அதற்கடுத்து ரிங்ஸிலும் ஏறினார். 9.7 எடுத்தார். இறங்கியபோது முழங்கால் விலகி, தசைநார்கள் கிழிந்தன. ஜப்பான் சோவியத் யூனியனை 0.4 புள்ளியில் முந்தித் தங்கம் வென்றது. ஒலிம்பிக் வரலாற்றில் துணிச்சலுக்கு உதாரணம் என்று இன்றும் அவரைத்தான் காட்டுகிறார்கள். ஆனால், பின்னாளில் மறுபடி அப்படிச் செய்வீர்களா என்று கேட்டபோது அவர் தந்த பதில் ‘மாட்டேன்’ என்பதாகவே பதிவாகியிருக்கிறது. இந்தப் பதிலை மட்டும் யாரும் போஸ்டராக அடித்து ஒட்டுவதில்லை!

1996 அட்லாண்டாவில் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக் இன்னும் பிரபலம். முதல் வால்ட்டில் கணுக்காலில் காயம். அதோடு இரண்டாவது வால்ட்டிலும் ஓடிக் குதித்து, ஒற்றைக் காலில் நின்று காட்டினார். அணிக்குத் தங்கம். பயிற்சியாளர் அவரைத் தூக்கிக்கொண்டு பதக்க மேடைக்குப் போனார். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த இரண்டாவது வால்ட் இல்லாமலேயே அமெரிக்கா ஜெயித்திருக்கும். அந்தக் காயத்தால் அவர் தனிநபர் இறுதிப் போட்டிகளில் ஆட முடியாமல் போனது. அவருக்கு அப்போது வயது 18.

‘அப்போ டோபா ஏறியிருக்கக் கூடாதா?’ என்று கேட்டால், என்னிடம் நேரான பதில் இல்லை. அவருக்கு 25 வயது, விவரம் தெரிந்த ஆள். தன் உடம்பு, தன் முடிவு. ஆனால், அந்த நேரத்தில் காயம் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. ஸ்கேன் எடுக்காத முழங்காலை வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. கடைசி இறக்கத்தில் கால் ஒரு தினுசாக மடங்கியிருந்தால், இன்று இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன். நல்லபடியாக முடிந்ததால் மட்டுமே ஒரு முடிவு சரியான முடிவு ஆகிவிடாது.

என் சந்தேகம் டோபா மேல் அல்ல, கைதட்டல் மேல். வலியோடு ஏறுபவருக்கு நாடே எழுந்து நின்று கைதட்டும்போது, அடுத்த முறை அதே இடத்தில் நிற்கும் 17 வயதுப் பையனோ பொண்ணோ ‘என்னால முடியல’ என்று சொல்வது இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. காய்ச்சலோடு ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்ததை ஸ்டேட்டஸ் போட்டு லைக் வாங்கிய அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும். 2021-ல் டோக்கியோ அணி இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போன நிலையில், ஒரு வால்ட்டோடு விலகினார். ஆதரவு நிறையவே இருந்தது. ஆனால், அவரைக் கோழை என்று திட்டியவர்களும் இருந்தார்கள். ‘ஸ்ட்ரக்கைப் பார், அவள் குதித்தாளே’ என்ற ஒப்பீடும் உடனே வந்தது. ஒரு காலத்துக் கைதட்டல் இன்னொரு காலத்துப் பிரம்பாக மாறுவது இப்படித்தான்.

விதியையும் கொஞ்சம் கேட்க வேண்டும்

தனிமனிதத் துணிச்சல் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு விஷயம் தப்பித்துவிடும். அது போட்டி விதி.

ரியோவில் ஐந்து பேர் அணி என்றேன் இல்லையா? டோக்கியோவில் அதை நான்காகக் குறைத்தார்கள். தனிநபராகத் தகுதி பெறுபவர்களுக்கு இடம் கொடுக்க இந்த ஏற்பாடு. அந்த நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், விளைவு என்ன? தகுதிச் சுற்றில் நான்கு பேர், நான்கு பேருமே ஏற வேண்டும், மூன்று மதிப்பெண் கணக்கு. ஒருவர் விழுந்தால் உட்கார வைக்க இன்னொருவர் இல்லவே இல்லை. ரியோவில் ஒருவரைக் கிழிந்த முழங்காலோடு ஏற வைத்த அழுத்தம், அடுத்த ஒலிம்பிக்கில் விதியாலேயே கூடியது. பாரிஸில் மறுபடி ஐந்துக்குத் திரும்பினார்கள். என்னைக் கேட்டால் அதுவே போதாது. போட்டி நடுவே காயமடைந்தவருக்குப் பதிலாக வெளியிலிருக்கும் மாற்று வீரரை இறக்க அனுமதிக்க வேண்டும். கால்பந்தில் இருக்கிறது, கிரிக்கெட்டில்கூடத் தலையில் அடிபட்டால் மாற்று வீரர் வந்து பேட் பிடிக்கலாம் என்று 2019-ல் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தரத்தில் சுழன்று விழுகிற விளையாட்டுக்கு இது கிடையாது என்பது விசித்திரம்.

ரியோவில் அணி இறுதிச் சுற்றில் டோபா இல்லாமலே ஆடிய ஜெர்மனி ஏழாவது இடம் பிடித்தது. அடுத்த வாரமே ஹாம்பூஷென் ஹை பாரில் தங்கம் வாங்கினார். அவரும் அந்த வருடம் தோள்பட்டைக் காயத்தால் மாதக்கணக்கில் சரியாகப் பயிற்சி எடுக்க முடியாமல் தவித்தவர்தான். ஒரே அணி, ஒரே மாதம். காயம் எல்லோருக்கும் இருந்தது. கேமரா யார் பக்கம் எப்போது திரும்பியது என்பதுதான் வித்தியாசம்.

கேமரா திரும்பாத வருடங்கள்

டோபாவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, ரியோவுக்குப் பிறகு வருவது. ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்ட யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். முதலில் காலை மடக்கப் பழக வேண்டும். பிறகு நடக்க. பிறகு படியேற. தொடைத் தசை சுருங்கிப்போய் இரண்டு காலும் இரண்டு அளவில் இருக்கும். ஃபிசியோதெரபி அறையில் ஒரே அசைவை நூறு முறை செய்துவிட்டு வீட்டுக்கு வருவதை யாரும் வீடியோ எடுத்துப் போட மாட்டார்கள். மூட்டு சரியானாலும் மனசு சரியாக நாளாகும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தப் பழைய சத்தம் காதில் கேட்குமாம், இந்தக் காயம் பட்ட விளையாட்டு வீரர்கள் பலர் சொல்வது இது.

ஜிம்னாஸ்டுக்கு 26, 27 வயதில் இப்படி ஒரு இடைவெளி விழுந்தால், பெரும்பாலும் கடையைக் கட்டிவிடுவார்கள். டோபா கட்டவில்லை. 2021 ஏப்ரலில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். ஹை பார் இறுதிப் போட்டி. டோபாவுக்கு அப்போது 30 வயது. வெள்ளிப் பதக்கம்.

அதே வருடம் டோக்கியோ. நான்கே பேர் கொண்ட அந்த ஜெர்மன் அணியில், மாற்றுக்கு ஆளில்லாத அந்த அணியில், டோபாவும் ஒருவர். அணி இறுதிச் சுற்றுக்குப் போய் எட்டாவது வந்தது. பிறகு 2024-ல் பாரிஸ், அவருடைய நான்காவது ஒலிம்பிக். வயது 33.

கால் மீது எடையே விழாத ஒரு கருவியில் ரியோவில் அவர் செய்த பயிற்சி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பாசலில் அவர் வெள்ளி வாங்கியதோ இருப்பதிலேயே உயரமான கருவிகளில் ஒன்றில். கம்பியை விட்டுக் காற்றில் சுழன்று, அறுவை சிகிச்சை செய்த அதே முழங்காலில் இறங்கி நின்று வாங்கியது.