கடலுக்கு நாள் குறித்தவர்கள்

“பத்துப் பட்டத்துல ரெண்டுதானே மாறிப்போச்சு, அதுக்குப் போயி இவ்ளோ கோபமா?” என்று நண்பன் கேட்டான். உலக அலைச்சறுக்கு லீக் 2021 முதல் 2025 வரை நடத்திய ‘இறுதி நாள்’ முறையைப் பற்றித்தான் பேச்சு. வாயால் சொன்னது அவனுக்குப் போதவில்லை. எழுதியே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் போட்டியின் அடிப்படை விதிகள் எனக்குப் பிடிக்கும். வீரர்கள் ஹவாய், ஆஸ்திரேலியா, தாஹிட்டி என்று மாதக்கணக்கில் கடல் கடலாகப் போகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் பல நாள்களை ஒதுக்கிவைத்து, நல்ல அலை வரும்வரை காத்திருந்துதான் போட்டி நடக்கும். ஒவ்வோர் அலைக்கும் ஐந்து நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரி எடுக்கப்படும். எத்தனை அலையில் ஏறினாலும் சிறந்த இரண்டுதான் கணக்கு.

இந்த விதிகளுக்குள் ஓர் அடக்கம் இருக்கிறது. நடுவர் ஒருவரின் விருப்பு வெறுப்பு தீர்ப்பைக் கெடுக்கக்கூடாது; ஒரு மோசமான அலை ஓர் ஆளைச் சாய்த்துவிடக்கூடாது. கடல் எல்லாருக்கும் ஒரே அலையைக் கொடுப்பதில்லை. அரை மணி நேரச் சுற்றில் உருப்படியான அலையே வராமலும் போகலாம். அதனால்தான் பல கடல்கள், பல மாதங்கள். அதிர்ஷ்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து திறமை மிஞ்ச வேண்டும். முன்பெல்லாம் ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகளே உலகப் பட்டத்தை முடிவு செய்தன.

2021இல் இதைத் தூக்கிப் போட்டார்கள். தரவரிசையின் முதல் ஐந்து பேர், ஒரே கடற்கரை, ஒரே நாள். ஐந்தாமவர் நான்காமவரோடு மோதுவார், வென்றவர் மூன்றாமவரோடு, இப்படியே ஏறி முதலிடத்தில் இருப்பவரைச் சந்திக்கலாம். நான்கு ஆண்டுகள் கலிபோர்னியாவின் லோயர் டிரெஸல்ஸில் நடந்தது, ஐந்தாம் ஆண்டு பிஜியில். திரையில் பார்க்கிறவர்களுக்கு வசதி, சந்தேகமே இல்லை.

2022இல் முதலிடத்தில் இருந்தவர் ஹவாயின் கரிஸ்ஸா மூர். ஐந்து முறை உலகப் பட்டம், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். ஐந்தாம் இடத்திலிருந்து வந்த ஸ்டெபனி கில்மோர் வரிசையாக எல்லாரையும் வீழ்த்தி, கடைசியில் மூரையும் வென்றார். 2023இலும் மூர்தான் முதலிடம். அந்த முறை பட்டம் கரோலைன் மார்க்ஸுக்குப் போனது. இவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைய கடலில் அவர்கள் அபாரம். விதியை எழுதியவர்கள் அவர்கள் அல்லர்.

அதே 2022இல்தான் பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பெண்களுக்கான சுற்று தாஹிட்டியின் தெயாஹுபோவுக்குத் திரும்பியது. ஆழமில்லாத பவளப்பாறை மேல் சுருண்டு விழும் பயங்கரமான அலை அது. அங்கே துணிந்து இறங்கிய பெண்களின் பட்டத்தை, சில வாரம் கழித்து டிரெஸல்ஸின் சாதுவான அலை தீர்மானித்தது. என்ன நியாயம் இது?

“எல்லா விளையாட்டிலும் இறுதி ஆட்டம் இருக்கே” என்பார்கள். இருக்கிறது. ஆனால் கால்பந்துத் திடல் ஒருவர் காலடியில் மேடாகவும் இன்னொருவர் காலடியில் பள்ளமாகவும் ஆவதில்லை.

இப்போது நண்பனின் கணக்குக்கு வருகிறேன். ஆண்களில் ஐந்து ஆண்டும் முதலிடத்தில் இருந்தவரே வென்றார். பெண்களில் மூன்று ஆண்டு அப்படி. ஆக, முடிவு ஒத்துப்போன எட்டு முறையும் இறுதி நாள் தேவையே இல்லை. மாறிப்போன இரண்டு முறையும் அது நியாயமில்லை. அந்த இரண்டும் ஒரே பெண்ணிடமிருந்து போனவை. தரவரிசையே தீர்ப்பாக இருந்திருந்தால் மூருக்கு ஏழு பட்டம், கில்மோருக்கும் ஏழு. இன்று வரலாற்றில் இருப்பது ஐந்தும் எட்டும். ‘ரெண்டுதானே’ என்று சொல்ல எப்படிடா மனசு வருது?

2026 முதல் மறுபடியும் புள்ளிக்கணக்குக்கே திரும்புகிறார்கள். கடைசிப் போட்டி ஹவாயின் பைப்லைனில். நல்லதுதான். ஆனால் மூரின் அந்த இரண்டு ஆண்டுகள் திரும்பப்போவதில்லை.

ஒரே ஒரு பரிசுக் கதையை வைத்து ‘இவர்தான் எழுத்தாளர்’ என்று மாலை போட்டுவிட்டு, பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவரைத் திரும்பியும் பார்க்காத நமக்கு, இது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை.