இன்பத்துக்கு ஏன் மன்னிப்புக் கேட்கிறோம்?

நம்மிடையே ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கிறது. தார்க்கோவ்ஸ்கியைப் பற்றியோ பெர்க்மனைப் பற்றியோ தேநீர் ஆறிப்போவதும் தெரியாமல் மூன்று மணி நேரம் விவாதிக்கக்கூடிய நாம், ஒரு கொள்ளைப் படத்தைத் திரையரங்கில் பார்த்து மகிழ்ந்ததைச் சொல்ல நேரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ‘சும்மா ஒரு மாறுதலுக்குப் போனோம்’ என்கிறோம். ‘மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கவேண்டிய படம்’ என்று ஒரு பிற்சேர்க்கையும் தருகிறோம். யாரும் கோராத மன்னிப்பை முந்திக்கொண்டு கேட்டுவிடுவதில் சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு நிகர் நாமேதான். இக்கட்டுரை அந்த மன்னிப்புக்கு எதிரானது.

நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் படம் எட்கர் ரைட் இயக்கி 2017இல் வெளிவந்த ‘பேபி டிரைவர்’. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடக்கும் கதை. கொள்ளையர்கள் வங்கியிலிருந்து வெளியே ஓடிவரும்போது அவர்களை ஏற்றிக்கொண்டு காவல்துறையின் கண்ணில் மண்ணைத் தூவிப் பறப்பதே பேபி என்னும் இளைஞனின் வேலை. சிறுவயதில் பெற்றோரைப் பலிகொண்ட கார் விபத்தில் அவன் செவி பழுதுபட்டது. அன்றிலிருந்து காதுக்குள் ஓயாத ரீங்காரம். அதை மூழ்கடிக்க அவன் எந்நேரமும் ஐபாடில் பாட்டுக் கேட்கிறான். கதை இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நம் நண்பர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு, இது உள்ளீடற்ற வெறும் உருவம் என்பது. படத்தின் முதல் காட்சியைச் சற்று நினைவுகூர்வோம். ‘ஜான் ஸ்பென்சர் ப்ளூஸ் எக்ஸ்ப்ளோஷன்’ குழுவின் 1994ஆம் ஆண்டுப் பாடலான ‘பெல்பாட்டம்ஸ்’ ஒலிக்கிறது. அப்பாடல் நிதானமாகத் தொடங்கி, நெடுநேரம் பதுங்கியிருந்து, பின்பு திடீரெனப் பாயும் இயல்புடையது. பதுங்கும் பகுதியில் பேபி சிவப்பு நிற சுபாரு காரில் காத்திருக்கிறான். ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறான், வாயசைக்கிறான், வைப்பரையும் ஆடவைக்கிறான். பாடல் பாயும்போது கார் பாய்கிறது. மேலே வட்டமிடும் ஹெலிகாப்டரை ஏமாற்ற, நெடுஞ்சாலையில் போகும் வேறு இரண்டு சிவப்புக் கார்களோடு தன் காரையும் கலந்துவிடுகிறான். ஒவ்வொரு திருப்பமும் பாட்டின் ஓர் அடியில் விழுகிறது. இங்கே பாட்டு காட்சிக்கு அலங்காரம் அல்ல. பாட்டின் கட்டுமானமே காட்சியின் கட்டுமானம். உருவத்திலிருந்து உள்ளீட்டை உரித்தெடுத்துத் தட்டில் வை என்று கேட்பவர் எதைக் கேட்கிறார்?

இதைக் கேட்பவர்கள் தமிழ் படித்தவர்களாகவும் இருப்பதுதான் நம்மை வருத்துகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை வகுத்துக் கூறுகிறது. அவற்றுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் உண்டு. ஓசை உருளும், ஓசை விரையும், அந்த ஓட்டமே பொருளின் ஒரு பகுதி என்று அறிந்திருந்த மரபு அது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் களம் மாறும்போதெல்லாம் சந்தமும் மாறுகிறது. போர் மூளும் இடத்தில் தாழிசைகள் குதிரையின் குளம்படிபோல் ஓடுகின்றன. அதை யாரும் உள்ளீடற்ற உருவம் என்று ஒதுக்கியதில்லை. பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருக்கிறோம். அந்தோ, வைத்திருக்கும் விதம்தான் வேறு.

வகுப்பறையில் நடப்பதை நாம் அறிவோம், நடத்துகிறவர்களும் நாமே. யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது நேர், நிரை என்று அசை பிரித்துக் கரும்பலகையை நிரப்புகிறோம். மாணவர்கள் தேமா, புளிமா என்று பெயரிட்டு மதிப்பெண் பெறுகிறார்கள். ஒரு செய்யுளையேனும் வாய்விட்டு ஓசையோடு சொல்லாமலேயே முதுகலைப் பட்டம் பெற்று வெளியேறுகிறவர்கள் உண்டு. ‘தளை தெரிந்து என்ன ஐயா ஆகப்போகிறது?’ என்று ஒரு மாணவர் கேட்டபோது, தேர்வில் வரும் என்பதைத் தவிர நம்மிடம் பதிலில்லை. அதே மாணவர்கள் ‘பேபி டிரைவர்’ பார்த்துவிட்டு வந்து, எந்தத் துப்பாக்கிச் சத்தம் எந்த முரசடியில் விழுந்தது என்று மேசையில் தட்டிக் காட்டினார்கள். ‘டெகீலா’ என்ற பாடலின் மீது அமைந்த துப்பாக்கிச் சண்டை அது. தளை என்றால் என்னவென்று அவர்களுடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியவில்லை. படத்தை நாமும் பார்த்திருந்தோம். பார்த்ததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு வாய்மூடி இருந்துவிட்டோம். அந்தக் கூச்சம் ஒரு நல்ல பாடவேளையைக் கொன்றது.

இந்த இன்பம் எளிதில் கிடைத்ததென்றும் எண்ணவேண்டாம். ‘பெல்பாட்டம்ஸ்’ பாடலை 1990களின் நடுவில் கேட்டபோதே ரைட்டின் மனத்தில் இந்தத் துரத்தல் தோன்றிவிட்டது. 2003இல் ‘மின்ட் ராயல்’ குழுவுக்கு எடுத்த ஓர் இசைக் காணொளியில் அந்த எண்ணத்தைச் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தார். பாடல்களை முதலில் தெரிவு செய்து, திரைக்கதையைப் பாடல்களின் மீது எழுதினார். படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிட்டு நடிகர்களை அதற்கு இயங்கவைத்தார்கள். ரயன் ஹெஃபிங்டன் என்னும் நடன அமைப்பாளர், நடனமே இல்லாத காட்சிகளுக்கும் அசைவு வகுத்தார். படத்தொகுப்பாளர் பால் மக்லிஸ் படப்பிடிப்புத் தளத்திலேயே அமர்ந்து காட்சிகளைக் கோத்தார். அவரும் ஜொனாதன் அமோஸும் 2018இல் படத்தொகுப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றார்கள். பேபி காப்பி வாங்கிவரும் காட்சி ஒரே ஷாட். பாட்டின் சொற்கள் அவன் கடக்கும் சுவர்களில் எழுத்துகளாகத் தோன்றுகின்றன. இருபதாண்டு உழைப்பை மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வது எவ்வகை ரசனை?

இரண்டாம் குற்றச்சாட்டு அறம் சார்ந்தது. திருட்டையும் கொலையையும் பாட்டால் பூசி மெழுகி இனிக்கவைக்கிறது படம் என்பார்கள். பிணக்குவியலின் நடுவே பேய்கள் கூழ் சமைக்கும் பரணியைச் சுவைக்கும் நாம் இதைச் சொல்லலாமா என்று எதிர்க்கேள்வி கேட்டுத் தப்பிக்கலாம். ஆனால் அது தேவையில்லை. படமே அந்தக் கேள்வியைக் கேட்கிறது. பேபிக்குப் பாட்டு வெறும் சுவை மட்டுமல்ல, ஒரு திரையும்கூட. பின்னிருக்கையில் நடப்பதைக் கேளாதிருக்க அவன் இழுத்துக்கொண்ட திரை. பணவண்டிக் கொள்ளையில் கூட்டாளிகள் முகமூடியைப் பற்றிச் சச்சரவிட்டு நேரம் கடத்தியதும், பாட்டைப் பின்னுக்கு ஓட்டி மீண்டும் தொடங்கவைக்கிறான். அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு நீடிப்பதில்லை. அஞ்சலகக் கொள்ளையில் காவலர் ஒருவர் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படும்போது, பாட்டைப் பின்னுக்கு ஓட்டுவதுபோல் அதை ஓட்ட முடியாது. வண்டியை எடு என்று கத்துகிறார்கள். அவன் எடுக்க மறுக்கிறான். இறுதியில் அவனுக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது; ஐந்தாண்டு கழிந்தால் பரோல் கோரலாம். பொதுவாக இவ்வகைப் படங்களில் நாயகன் கடற்கரையில் பணத்தோடு நிற்பான். இவன் நீதிமன்றத்தில் நிற்கிறான்.

இன்னொன்றும் உண்டு. பேபியை வளர்த்த முதியவர் ஜோசப் செவித்திறன் அற்றவர். அப்பாத்திரத்தை ஏற்ற சி. ஜே. ஜோன்ஸும் செவித்திறன் அற்ற நடிகரே. ஜோசப் ஒலிபெருக்கியின்மீது கை வைத்துப் பாட்டின் அதிர்வை உணர்கிறார். இசை காதின் தனிச்சொத்து அல்ல, உடம்பு முழுவதும் கேட்கக்கூடியது என்பதை ஒரு வசனமும் இன்றிச் சொல்லிவிடுகிறது அந்தக் காட்சி. படத்தில் உள்ளீடு எங்கே என்று தேடுவோர் அந்த உள்ளங்கையைப் பார்க்கட்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பேபி காதலிக்கும் உணவகப் பணிப்பெண் டெபோராவுக்குப் புன்னகைப்பதும் காத்திருப்பதும் தவிர இயக்குநர் அதிகம் தரவில்லை. அவளுக்கென்று ஒரு கடந்தகாலமோ தயக்கமோ இருப்பதாகவே தெரிவதில்லை. இறுதிச் சண்டை தேவைக்கு மேல் நீள்கிறது. மற்றவர்கள் கையில் படியும் இரத்தத்துக்கு நடுவே நாயகனை மட்டும் நல்ல பிள்ளையாக வைத்திருக்கப் படம் சற்று அதிகமாகவே பாடுபடுகிறது. இவற்றை எழுதுவோம், வாதிடுவோம். அது விமர்சனம். ‘டைம்பாஸ்’ என்ற ஒற்றைச் சொல் விமர்சனமல்ல. பார்த்த படத்தைப் பற்றி எண்ணிப்பார்க்க மறுக்கும் சோம்பல். அதற்குச் சீரிய ரசனை என்று நாம் பெயர் சூட்டியிருக்கிறோம்.

இப்படத்தை நாம் திரையரங்கில் பார்த்தோம் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பின்னர் வீட்டில், கைப்பேசித் திரையிலும் பார்த்தோம். கதை அங்கேயும் புரிந்தது. ஆனால் அரங்கில், பாட்டு நின்று அந்த மெல்லிய ரீங்காரம் எழுந்தபோது, இருநூறு பேரும் ஒரே நேரத்தில் அசையாமல் அமர்ந்தோம். பாட்டு திரும்பியதும் முன் வரிசைப் பெரியவர் ஒருவரின் செருப்பு தரையில் தாளம் போடத் தொடங்கியது. பக்கத்து இருக்கைச் சிறுமியின் முழங்கால் ஆடியது. நம்முடையதும் ஆடியது. கூத்துக் களரியிலும் கச்சேரி மண்டபத்திலும் நேர்வது இதுதான். அங்கே அதை மெய்ப்பாடு என்கிறோம். மல்டிபிளெக்ஸில் நேர்ந்தால் மட்டும் மலிவு என்கிறோம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாரேனும் ‘அந்தப் படத்துக்கா போனீர்கள்?’ என்று புருவத்தை உயர்த்தினால், போனோம், மகிழ்ந்தோம் என்று சொல்லுவோம். ஏன் மகிழ்ந்தோம் என்பதைச் சொல்ல முயலுவோம். அது எளிதல்ல, ஒரு செய்யுளின் ஓசை ஏன் இனிக்கிறது என்று சொல்வதற்கு வேண்டிய அதே கவனம் இதற்கும் வேண்டும். அடுத்த பருவத்தில் முடுகு வண்ணம் நடத்தும் நாளில், கரும்பலகையில் எழுதுவதற்கு முன் மேசையில் தட்டிக் காட்டப்போகிறோம். எந்தப் படத்தில் கற்றோம் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவதாக இருக்கிறோம்.