சிறுவர்க்குச் சரித்திரம்

நாலாம் வகுப்பிற் பயிலும் பிள்ளை ஒன்றை அருகில் அழைத்து, "எல்லாளன் எக்காலத்தில் வாழ்ந்தான்?" என்று கேட்டுப் பாருங்கள். "முற்காலத்தில்" என்று தயக்கமின்றி விடை வரும். "உன் அம்மம்மா சிறுமியாக இருந்தது எப்போது?" என்று அடுத்தபடியாக வினவுங்கள். அதற்கும் "முற்காலத்தில்" என்பதே விடை. பிள்ளையைப் பார்த்து நகைக்க வேண்டா. அதன் உள்ளத்திற் காலம் இரண்டே அறைகள் கொண்ட ஒரு வீடு. இன்று என்பது ஓர் அறை. இன்று அல்லாதன யாவும் மற்றைய அறை. எல்லாளனும் அம்மம்மாவும் கற்கால மனிதனும் அவ்விருண்ட அறையில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர்.

அவ்வறையில் ஒரு விளக்கை ஏற்றி, யார் அருகில் இருக்கின்றார், யார் தொலைவில் இருக்கின்றார் என்று காட்டுவதே ஆரம்ப வகுப்பாசிரியரின் முதல் வேலை. நாமோ அதனை விடுத்து, மேலும் பல அரசர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோம். பரீட்சை நாளில் அவர்களுடைய பெயர்களை வரிசை பிசகாது ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கின்றது. மறுவாரமே அரசர்கள் கலைந்து போய்விடுகின்றனர்.

எமது நாட்டுப் பாடசாலைகளிற் சரித்திரம் தனிப்பாடமாகத் தொடங்குவது ஆறாந் தரத்திலேதான். அதற்குக் கீழுள்ள வகுப்புக்களில் அது சுற்றாடல் பற்றிய பாடத்தினுள் அங்குமிங்குமாகக் கலந்து கிடக்கின்றது. இதனைக் குறையென்று சொல்வார் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாடநூலின் பிடி தளர்ந்திருக்கும் அந்த ஐந்தாண்டுக் காலம் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கிடைத்த பெரிய வாய்ப்பு. ஆனால், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் பூதம் வாயிலில் நிற்கையில், அவ்வாய்ப்பைப் பயன்படுத்தத் துணிவோர் சிலரே.

சிறு பிள்ளைக்குச் சரித்திரம் விளங்குமா என்பது பழைய கேள்வி. ஜெனீவாவில் வாழ்ந்த பேரறிஞர் ஜீன் பியாஜே, பிள்ளைகள் காலத்தை எவ்வாறு உணர்கின்றனர் என்பதைப் பற்றி 1946ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உயரமாக நிற்பவரே வயதில் மூத்தவர் என்று இளம் பிள்ளைகள் கருதுவதை அவர் கண்டார். அவர் வழியைப் பின்பற்றிய சிலர் 1960களில், பதின்ம வயதின் நடுப்பகுதி கழியுமுன் சரித்திரச் சிந்தனை பிள்ளைக்குக் கைகூடாது என்றே முடிவு கட்டினர். அம்முடிவு நெடுநாள் நிலைக்கவில்லை. 1990களில் இங்கிலாந்திலே பீற்றர் லீ, ரோசலின் ஆஷ்பி முதலியோர், 7 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுட் சிலர், பதினான்கு வயதினர் சிலரிலும் பார்க்கத் தெளிவாகச் சிந்திப்பதை அவர்கள் கண்டனர். பிள்ளையின் வயது மாத்திரம் இவ்விடயத்தைத் தீர்மானிப்பதில்லை. அதனிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதும் தீர்மானிக்கின்றது.

இனி, விளக்கேற்றும் வழியைச் சொல்கிறேன். செலவு மிகச் சிறிது: ஒரு நீண்ட கயிறு, சில வண்ணத் துணித் துண்டுகள், அளவுகோல் ஒன்று. ஓராண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நுனியை வகுப்பறைக் கரும்பலகையடியிற் கட்டுங்கள். அதுதான் இவ்வாண்டு. ஒன்பது வயதுப் பிள்ளை தன் பிறப்பை அடையாளமிட வேண்டின், நுனியிலிருந்து ஒன்பது சென்ரிமீற்றர் போதும். தன் முழு வாழ்வும் ஒரு சாணளவுகூட இல்லை என்பதைக் காணும்போது அதன் கண்கள் விரிகின்றன. எழுபது வயது அம்மம்மாவுக்கு எழுபது சென்ரிமீற்றர். அதற்குச் சற்று அப்பால் 1948ஆம் ஆண்டுச் சுதந்திரம். யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமான 1619ஆம் ஆண்டுக்கு நான்கு மீற்றர் நடக்க வேண்டும். அவர்கள் முதன்முதலாக இத்தீவில் வந்திறங்கிய 1505ஆம் ஆண்டுக்கு ஐந்து மீற்றருக்கு மேல். முதலாம் இராசராச சோழன் முடிசூடிய 985ஆம் ஆண்டு பத்து மீற்றருக்கும் அப்பால். அப்போது கயிறு வகுப்பறையைத் தாண்டி விறாந்தைக்கு வந்துவிடும். எல்லாளனைத் தேடிப் போகும் பிள்ளை, ஏறக்குறைய இருபத்திரண்டு மீற்றர் கடந்து, முற்றத்து வேப்பமரத்தடியில் நிற்கும். அங்கே நின்று திரும்பிப் பார்க்கையில், அம்மம்மாவின் சிவப்புத் துணி வகுப்பறையினுள்ளே கண்ணுக்குப் புலப்படாத தூரத்தில் இருக்கும். "முற்காலம்" என்ற ஒற்றைச் சொல் அன்றோடு பயனற்றுப் போகின்றது.

கயிற்றின் பெரும்பயன் இனிமேற்றான் இருக்கின்றது. எல்லாளனைப் பற்றி நமக்கு யார் சொன்னார்? அவன் வரலாற்றை விரித்துக் கூறும் பழைய நூல் மகாவம்சம். பாளி மொழியிலே செய்யுளாக இயற்றப்பட்டது, கி. பி. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கும் ஒரு துணியைக் கட்டச் சொல்லுங்கள். அது பதினைந்து மீற்றர் அளவில் விழும். எல்லாளன் துணிக்கும் அவனைப் பற்றி எழுதியவரின் துணிக்கும் இடையில் ஆறு மீற்றருக்கு மேல் வெறுங் கயிறு! "இவ்வளவு காலத்துக்குப் பின் எழுதியவருக்கு அது எப்படித் தெரியும்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிடின் ஆசிரியர் கேட்கலாம். பிக்குமார் வாய்மொழியாகக் காத்த மரபு, அதற்கு முன்னிருந்த நூல்கள், எழுதியவரின் நோக்கம் என்று விடை படிப்படியாக விரியும்.

அந்நூல் கூறும் செய்திகளே பிள்ளைகட்கு நல்ல விருந்து. எல்லாளனின் மைந்தன் தேரிற் செல்கையில் ஒரு கன்று சில்லில் அகப்பட்டு மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையும் அதே தேர்ச்சில்லுக்கு இரையாக்கினான் என்பது கதை. பகையரசனாகிய அவனை அந்நூலே நீதிமான் என்று போற்றுகின்றது. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாட்டுக்கு ஒழுங்கு செய்தான் என்றும், பிற்கால அரசர்களும் அவ்விடத்தை அணுகும்போது வாத்தியங்களை நிறுத்தினர் என்றும் அது சொல்கின்றது. இச்செய்தியைத் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒருங்கே அறிய வேண்டும். இரு பக்கத்திலும் இதனை மறந்துவிட்டுச் சண்டையை மட்டும் நினைவிற் கொள்வோரே மிகுதி.

ஆனால், கன்றின் கதை நமக்கு வேறொரு வகையிலும் பழக்கமானது அன்றோ? திருவாரூரில் ஆண்ட மனுநீதி கண்ட சோழனைப் பற்றியும் இதே கதையைத் தமிழ் நூல்கள் சொல்கின்றன. இரண்டு கதைகளையும் ஒரே நாளில் வகுப்பிற் சொல்லிவிட்டு மௌனமாக இருந்து பாருங்கள். "சேர், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்ததா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "ஒருவரைப் பார்த்து மற்றவர் சொல்லியிருக்கலாம்" என்று இன்னொன்று ஐயுறும். "நல்ல அரசன் என்றால் இப்படித்தான் கதை கட்டுவார்கள்" என்று கடைசி வாங்கிலில் இருக்கும் குறும்பன் சொல்வான். அவன் சொன்னதைப் பல்கலைக்கழகத்திற் சொன்னாலும் மதிப்பார்கள். ஆசிரியர் விடை சொல்ல அவசரப்படலாகாது. கதை பொய் என்று தீர்ப்புக் கூறிப் பிள்ளையின் மகிழ்ச்சியைக் கெடுப்பதும் தவறு. நடந்ததே என்று அடித்துச் சொல்வதும் தவறு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகட்கு யாழ்ப்பாடி பரிசில் பெற்ற கதையையும் இவ்வாறே சொல்லலாம். ஒல்லாந்தர் காலத்து மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலைக்குக் கயிற்றில் இடம் எங்கே என்று தேடும் பிள்ளை, புலவர் தமக்கு மிக முற்பட்ட காலத்தைப் பற்றி எழுதினார் என்பதைத் தானே கண்டுகொள்ளும்.

மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் மற்றொரு செய்தி உண்டு. ஒரே நிகழ்ச்சி பற்றி வேறுபட்ட இரு வரலாறுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். மிக இளையோர், இரண்டும் ஒன்றுதான், சொற்கள் மாத்திரம் வேறு என்றனர். சற்று வளர்ந்தோர், ஒருவருக்கு உண்மை தெரியாது அல்லது அவர் ஒரு பக்கம் சார்ந்தவர் என்றனர். மேலும் தெளிந்தவர்களே, இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடியிருக்கலாம் என்றனர். நம் நாட்டில் வளர்ந்தவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் படியைத் தாண்டியிருக்கிறோம்?

நூல்களைப் போலன்றி, கல் ஒன்று பேசுவதையும் பிள்ளைகள் கேட்க வேண்டும். கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் செல்ல வாய்ப்புள்ளோர், காலியில் 1911ஆம் ஆண்டில் அகப்பட்ட மும்மொழிக் கல்வெட்டின் முன் பிள்ளைகளைச் சற்று நேரம் நிறுத்துக. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணங்களோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டைத் தாங்கியுள்ளது. சீன மொழியிற் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்தில் இசுலாமியர் வழிபடும் இறைவனுக்குமாகக் காணிக்கைகளை அது வரிசைப்படுத்துகின்றது. பொன்னும் வெள்ளியும் பட்டும் வாசனை எண்ணெயும் மூவர்க்கும் ஏறக்குறைய ஒத்த அளவில் வழங்கப்பட்டன. கண்டெடுத்தபோது அது வடிகால் ஒன்றுக்கு மூடுகல்லாகக் கிடந்ததாம்! சீனத் தளபதி ஏன் தமிழில் எழுதுவித்தான், அக்காலத்துத் தென்னிலங்கைத் துறைமுகங்களில் யார் யார் வாழ்ந்தனர், ஏன் கல் வடிகாலுக்குப் போயிற்று? பாடநூலில் ஒரு பக்கம் படிப்பதிலும் இம்மூன்று கேள்விகள் மேலானவை.

நூதனசாலை தொலைவில் உள்ளோர்க்கு வீடே நூதனசாலை. அம்மி, உரல், திருவலகை, அரிக்கன் லாம்பு, பழைய காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சான்று. வடபகுதிப் பிள்ளை தன் தாயிடம், "நீங்கள் எந்த விளக்கிற் படித்தீர்கள்?" என்று கேட்கட்டும். மின்சாரம் அற்றிருந்த 1990களிலே, பழச்சம்பல் போத்தலினுள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திய குப்பி விளக்கின் கதை வரும். மலைநாட்டுப் பிள்ளை தன் தாத்தாவிடம் கேட்குமாயின், கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தோரின் நினைவு வரலாம். 1869ஆம் ஆண்டிற் கண்ட இலைநோயாற் கோப்பி அழிந்த கதையும், லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெய்லர் தொடங்கிய தேயிலையின் கதையும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை அற்றுப்போன கதையும் அதன் பின்னே வரும்.

இங்கே பெற்றோர் சிலர் தயங்குவர் என்பதை அறிவேன். தங்கள் திருமணப் படம் கூட இல்லாத வீடுகள் எம்மிடையே பல உண்டு. "அம்மா, உங்கள் கலியாணப் படம் எங்கே?" என்று ஒரு பிள்ளை கேட்பின், அதற்கு விடை 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து வலிகாம இடப்பெயர்வாக இருக்கலாம், 1990ஆம் ஆண்டில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தில் வேறு விடையாக இருக்கலாம், 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலைக் கடந்தோர் வீட்டில் விடையே சொல்ல முடியாத கேள்வியாகவும் இருக்கலாம். ஆகவே, இக்கேள்விகளை வீட்டுவேலையாகக் கொடுக்கும் ஆசிரியர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். எந்தப் பிள்ளையையும், கிடைத்த விடையை வகுப்பின் முன் எழுந்து சொல்லும்படி வற்புறுத்தலாகாது. பொருளொன்றைக் கொண்டுவர இயலாத பிள்ளை, இல்லாத பொருளின் பெயரை ஒரு தாளில் எழுதி வரலாம். அத்தாளும் சான்றே. பெற்றோரும் எல்லாவற்றையும் ஒரே இரவிற் கொட்டிவிட வேண்டியதில்லை. ஒன்பது வயதுக்கு ஏற்ற அளவைச் சொல்லி, "மீதியைப் பிறகு சொல்கிறேன்" என்று நிறுத்தலாம். சொல்லாமலே விடுவதைக் காட்டிலும் அது நல்லது. வீடு மௌனமாயிருந்தால் வெளியிலிருந்து யாரேனும் வந்து அந்த இடத்தை நிரப்புவர். அவருக்கு என்ன நோக்கமோ, யார் அறிவார்?

கயிறு வகுப்பறையில் ஆண்டு முழுவதும் தொங்கட்டும். மழைக்காலத்தில் முற்றத்துப் பகுதியை மட்டும் சுருட்டி உள்ளே எடுத்து வைக்கலாம். எல்லாளனுக்கு நனைய வேண்டிய அவசியமில்லை. ஆண்டிறுதியில் முழுவதையும் அலுமாரியில் வைத்துவிடுங்கள். புது வகுப்பு வந்து அதனை விரிக்கும்போது, முதல் வேலையாக நுனியில் இன்னும் ஒரு சென்ரிமீற்றரைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.