லேட்டா வந்த ரப்பர்

ஸ்பிரிங் ஒண்ணு, டேஷ்பாட் ஒண்ணு. வரிசையா மாட்டினா மேக்ஸ்வெல் மாடல், பக்கத்துல பக்கத்துல மாட்டினா கெல்வின்-வாய்ட் மாடல். பாலிமர் பேப்பருக்கு முதல் நாள் ராத்திரி எங்க ஹாஸ்டல் மொத்தமும் இதை இப்படித்தான் மனப்பாடம் பண்ணுச்சு. எதுக்குடா மாட்டணும்னு ஒருத்தனும் கேட்கலை. நானும்தான்!

டேஷ்பாட்னா பயப்படாதீங்க பாஸ். பைக் ஷாக் அப்சார்பர்ல எண்ணெய்க்குள்ள ஓடுற பிஸ்டன் மாதிரி ஒரு சமாசாரம். ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டா டக்குனு திரும்பும். டேஷ்பாட் அவசரமே படாது. ரப்பர் இந்த ரெண்டு குணமும் கலந்த ஆசாமி. பிசுபிசுப்பை விறைப்பால வகுத்தா ஒரு நேரம் கிடைக்கும், பேரு டௌ. அமுக்கின ரப்பரை விட்டா, ஒரு டௌ நேரத்துல 63 சதவீதம் பழையபடி திரும்பியிருக்கும். நிஜ ரப்பருக்கு ஒரு டௌ பத்தாது, ஒரு பட்டாளமே வேணும். நமக்கு இப்போதைக்கு ஒண்ணு போதும்.

இதுல வில்லன் குளிர். குளிரக் குளிர டௌ நீண்டுக்கிட்டே போகும். எவ்வளவு நீளும்னு கணக்குப் போட வில்லியம்ஸ், லாண்டல், ஃபெரினு மூணு பேர் 1955-லயே சமன்பாடு கொடுத்துட்டாங்க.

அமெரிக்காவோட சேலஞ்சர் விண்கலம் கிளம்பினது 1986 ஜனவரி 28. அதோட பூஸ்டர் ராக்கெட்டுகளைத் துண்டு துண்டா கொண்டு வந்து இணைப்பாங்க. அந்த மூட்டுல சூடான வாயு கசியாம இருக்க ரப்பர் வளையம். நம்ம வீட்டு குக்கர் கேஸ்கட்டுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கங்க. தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர்தான். ராக்கெட்டைப் பத்த வெச்சதும் அழுத்தத்துல மூட்டு லேசா விரியும். நசுங்கிக் கிடக்கிற வளையம் உப்பி, அந்த இடைவெளியை அடைக்கணும். கிடைக்கிற நேரம்? சுமார் 0.6 வினாடி.

அன்னிக்குக் காலையில வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ். ரப்பர் திரும்ப வேண்டிய நேரத்துல திரும்பலை. லேட்டாச்சு, அவ்வளவுதான். 73-வது வினாடியில விண்கலம் சிதறி, 7 பேரும் இறந்துட்டாங்க.

பிப்ரவரியில விசாரணைக் கமிஷன் முன்னாடி ஃபெய்ன்மன் ஒரு ரப்பர் துண்டை கிளாம்ப்ல இறுக்கி ஐஸ் தண்ணியில போட்டு எடுத்துக் காட்டினது எல்லாருக்கும் தெரியும். கிளாம்பைத் தளர்த்தின பிறகும் சில வினாடிக்கு அது திரும்பவே இல்லை.

ஆனா எனக்கு மனசுல நிக்கிறது ஏவுறதுக்கு முதல் நாள் ராத்திரி. பூஸ்டரைத் தயாரிச்ச மார்ட்டன் தியோகால் கம்பெனி இன்ஜினீயர்கள், 12 டிகிரிக்குக் கீழ ஏவ வேணாம்னு போன்ல மன்றாடினாங்க. குளிர்ல வளையம் மந்தமாகுதுன்னு 1985-லயே சோதிச்சும் பார்த்திருந்தாங்க. 'எவ்வளவு மந்தம்? கணக்கு காட்டு'ன்னாங்க. 2 டிகிரிக்கான கணக்கு அவங்க கையில இல்லை. அவங்க மேலதிகாரிகளே சம்மதம் சொல்லிட்டாங்க.

24 டிகிரியில இருக்கிற வளையம், மைனஸ் 1 டிகிரியில இருக்கிறதைவிட 5 மடங்கு வேகமா திரும்பும்ங்கிற கணக்கு கமிஷன் அறிக்கையில இருக்கு. அது வெளிவந்தது ஜூன் மாசம்.