வண்டியை எண்ணினார்கள், ஆளை எண்ணினார்களா?

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நாளொன்றுக்கு எத்தனை வண்டி போகலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாத வெளியூர் வண்டி மலை ஏறக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. (இ-பாஸ் என்ற சொல்லுக்கு நல்ல தமிழ் தேட ஒருவருக்கும் நேரமில்லை போலும், கிடக்கட்டும்.) அடுத்த ஆண்டு, 2025 மார்ச்சில், நீதிமன்றம் இன்னும் ஒரு படி போயிற்று. ஏப்ரல் முதல் ஜூன் முடிய உதகைக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று கோடு கிழித்தது. சீசன் நாளில் இருபதாயிரம் வண்டி வரை நீலகிரியில் ஏறுகிறது என்று அதிகாரிகள் வைத்த கணக்கைப் பார்த்த பிறகு, நீதிபதிகள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

உடனே கடைகள் அடைக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 2-ஆம் நாள் நீலகிரி மாவட்ட வணிகர்கள் முழுக் கடையடைப்பு நடத்தினார்கள். "வியாபாரம் படுத்துவிடும்" என்றது ஒரு தரப்பு. "மலை தாங்காது" என்றது மற்றொரு தரப்பு. இரு தரப்பார் பேச்சையும் பத்திரிகைகள் போட்டன. விடுதி அறையில் படுக்கை விரிப்பவன், பாத்திரம் கழுவுபவன், காரோட்டி வந்து காருக்குள்ளேயே சுருண்டு கிடப்பவன், விடிவதற்குள் தெருக் கூட்டுபவள் ஆகிய இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டவர் யார்?

நாம் கேட்க வந்தது அதைத்தான்.

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுகிறோம். வண்டிக்கு எல்லை வேண்டும் என்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. மலைக்கு வந்து போகும் உரிமை ஒருவனுக்கு உண்டு என்றால், மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் உரிமையும் உண்டு. சீசன் வந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஏறு, கோத்தகிரி வழியே இறங்கு என்று ஒருவழிப் பாதை போடுகிறார்கள். வந்து போகிறவனுக்கு அது சுற்றுலாவில் இன்னொரு சுற்று. பர்லியாறு பக்கத்தில் குடியிருந்து கீழே சந்தைக்குப் போகவேண்டியவனுக்கோ, மலையையே வலம் வரும் பிரதட்சணம்! 2025 ஏப்ரலில் 700 படுக்கையுள்ள அரசு மருத்துவமனை உதகையில் திறக்கப்பட்டது, அதை வரவேற்கிறோம். ஆனால் அதன் வாசல் வரை ஆம்புலன்சு போய்ச் சேர வேண்டாமா?

ஆகவே கார்களைக் குறைத்தது சரி. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம்: அந்த உத்தரவில் அரசுப் பேருந்துக்கும் இரயிலுக்கும் தடை கிடையாது. இது முக்கியம். கோடை விடுமுறையில் பெண்டு பிள்ளைகளோடு பேருந்தில் ஏறி, கட்டுச்சோற்றோடு தாவரவியல் பூங்காவுக்கு வந்து, மாலையே இறங்கிப் போகும் ஆலைத் தொழிலாளியைக் காட்டி, "கூட்டம் தாங்கவில்லை" என்று மூக்கைப் பொத்துகிற சீமான்கள் உண்டு. ஒரு பேருந்து ஐம்பது பேரைச் சுமக்கிறது. அதே ஐம்பது பேர் காரில் வந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று கார் வேண்டும். சாலையை அடைப்பது யார் என்பதற்குப் பெரிய கணக்குப் புலி வேண்டியதில்லை.

சுற்றுலா இந்த மலைக்கு நேற்று வந்ததன்று. 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன் துரை இந்த மலைக்கு ஏறி வந்தார். தோதவர் எருமை மேய்த்த புல்வெளியில் கல் பங்களா எழுந்தது, ஏரி வெட்டப்பட்டது, பிறகு துரைமார் வெயிலுக்கு அஞ்சி ஓடிவரும் ஊராக ஆயிற்று. ஆண்டுதோறும் கோடையில் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறியது. கோப்பு ஏறியது, குதிரை ஏறியது, துரைசானியின் பியானோவும் ஏறியது. தோளில் சுமந்தவன் யார்? பாதை வெட்டியவன் யார்? 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் எட்டிய மலை இரயிலைப் பற்றி, அது உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2005 முதல் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் குகைகளைக் குடைந்தவன் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது? துரை போனான். சுமப்பவன் மட்டும் போகவில்லை.

"சுற்றுலா இல்லாவிட்டால் மலைவாசி எதை உண்பான்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி கேட்கும் நிலை எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். உதகையில் பிலிம் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1960-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். 1967-இல் உற்பத்தி ஆரம்பம். சினிமாச் சுருள், மருத்துவமனை எக்ஸ்ரே பிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து இறங்கி நாடெங்கும் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம், குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு. சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அடுப்பு எரிந்தது. 1990-களில் நலிந்த ஆலை என்று முத்திரை குத்தினார்கள். 2014-இல் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்ப மத்திய அரசு முடிவெடுத்தது. பிலிம் என்ற பொருளையே உலகம் கைவிட்டது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறொரு தொழில் வைக்க ஏன் எவருக்கும் கை வரவில்லை? மலை இருக்கிறது, பனி இருக்கிறது, பார்க்க வருவான், போதும் என்று விட்டுவிட்டார்கள்.

தேயிலைக்காவது விலை உண்டா? 2023 செப்டம்பரில் சிறு தேயிலை விவசாயிகள், பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு உண்ணாநிலை இருந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த நம் மக்களுக்காக அரசு தேயிலைத் தோட்டம் அமைத்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தை விட்டு விடுதிக்கும் டாக்ஸிக்கும் போகிறார்கள். தோட்டத்தில் கூலி போதவில்லை. விடுதியில் கூலி நிலையில்லை. சீசனுக்கு இரண்டு மூன்று மாதம் வேலை, மழைக்காலத்தில் "பிறகு வா" என்ற பதில். 2020-இல் கொரோனா வந்து பூங்காக் கதவு அடைக்கப்பட்டபோது என்ன நடந்தது? முதலாளி விடுதியைப் பூட்டினார். கடன்காரருக்குத் தவணை சொல்லிக்கொண்டார். குதிரைக்காரனும், வர்க்கி விற்றவனும், புகைப்படக்காரனும் யாருக்குத் தவணை சொல்வது? வயிறு தவணை கேட்குமா?

ஒரே தொழிலை நம்பி ஓர் ஊரை நிறுத்துவது ஒற்றைக் காலில் நிறுத்துவது. இதை இரண்டு தரப்பாரும் பேசவில்லை.

வீட்டு வாடகையும் பேசப்படவில்லை. நாள் வாடகைக்கு அறை விட்டால் ஒரு வார இறுதியில் வரும் பணத்தை, மாத வாடகைக்குக் குடியிருப்பவன் மாதம் முழுதும் உழைத்தாலும் தரமுடியாது. ஆகவே வீடு காட்டேஜ் ஆகிறது. குடியிருந்தவன் சரிவுக்கு நகர்கிறான். சரிவு என்றால் என்ன என்று 2009 நவம்பர் மழையில் மலை இடிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது பார்த்தோம். மலையில் 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று விதி உண்டு, நல்ல விதி. இரண்டு அறை வீடு கட்ட அனுமதி கேட்டு அலையும் மலைவாசிக்கு மட்டும் அந்த விதி சுருக்கமாகப் பல்லைக் காட்டுகிறது, சொகுசு மாளிகைக்கு அது கண்ணயர்ந்துவிடுகிறது என்பது அங்குள்ளோர் நெடுநாள் குறை.

இத்தாலியின் வெனிஸ் நகரத்தைப் பாருங்கள். வந்து குவிகிறவர்களைக் குறைக்க 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளுக்குத் தலைக்கு ஐந்து யூரோ கட்டணம் போட்டார்கள். ஆனால் 1950-களின் தொடக்கத்தில் அந்தப் பழைய நகரில் ஒன்றே முக்கால் இலட்சம் பேர் வாழ்ந்தார்கள்; இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. கட்டணம் வசூலாகும், போனவன் திரும்ப வீடு எங்கே? ஸ்பெயினின் பார்சிலோனாவில் வேறு விதமாக யோசித்தார்கள். அங்குள்ள உழைப்பாளர்கள் வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்து குரல் கொடுத்தார்கள். பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் உரிமத்தை 2028-க்குள் முடித்துவிடுவோம் என்று நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். செய்து முடிப்பாரா என்பது வேறு. வருகிறவனை எண்ணுவதோடு நில்லாமல் வாழ்கிறவனின் வீட்டை எண்ணினாரே, அதைச் சொல்கிறோம்.

நம்மிடமும் நல்ல காரியம் நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். காட்டில் வீசிய மதுப்புட்டிகள் உடைந்து யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில், 2022 மே முதல் நீலகிரி மதுக்கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. புட்டிகள் திரும்பி வந்தன. காலிப் புட்டிக்குப் பத்து ரூபாய் விலை வைக்கத் தெரிந்த நாட்டில், அந்தப் புட்டியைப் பொறுக்கும் தூய்மைப் பணியாளரை ஒப்பந்தக் கூலியாகவே வைத்திருக்க வேண்டுமா?

இன்னொரு விதியைச் சொல்கிறோம். தோழர்களுக்குப் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். 2023-இல் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. விடுதிகளில் தங்க வருவோரை ஏற்றிவரும் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பிடமும் விடுதி நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும், அந்த வளாகத்திலோ அருகிலோ, என்று சொல்கிறது அந்தத் திருத்தம். ஏட்டில் ஏறிவிட்டது. உதகைக் குளிரில், மார்கழி இரவில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன் சீட்டைச் சாய்த்து, பழைய போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பவனிடம் அந்த ஏடு போய்ச் சேர்ந்ததா? இரவெல்லாம் தூங்காதவன்தான் காலையில் கொண்டையூசி வளைவுகளில் குழந்தை குட்டிகளை இறக்கிக் கொண்டுபோகிறான். விபத்து நடந்தால் "ஓட்டுநர் கண்ணயர்ந்தார்" என்று நான்கு வரிச் செய்தி. எங்கே கண்ணயர இடம் கொடுத்தார்கள் என்று ஐந்தாவது வரி வருவதில்லை.

மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. படித்தவர்கள், நன்றாகவே அளப்பார்கள். தண்ணீரை அளக்கட்டும், சாலையை அளக்கட்டும், குப்பையை நிறுக்கட்டும். கூடவே விடுதித் தொழிலாளியின் சம்பளச் சீட்டையும், அவன் கொடுக்கும் வீட்டு வாடகை ரசீதையும் ஒரு முறை கையில் வாங்கிப் பார்க்கட்டும். மலை தாங்குமா என்ற கேள்விக்குள் அவனும் இருக்கிறான். கூடுதல் பேருந்து, சீசன் இல்லாத மாதத்துக்கும் சம்பளம், நாள் வாடகை வீடுகளுக்கு ஓர் உச்சவரம்பு, மூடிய ஆலை இருந்த மண்ணில் மீண்டும் ஒரு தொழில்: இவற்றை அரசிடம் கேட்பது பேராசை என்று எவரும் சொல்லட்டும், பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.

அடுத்த கோடையில் தோழர்கள் குடும்பத்தோடு மலை ஏறுவீர்கள். ஏறுங்கள், நம் மலைதான். விடுதியில் அறை கேட்கும்போதே, ஓட்டுநர் படுக்க இடம் எங்கே என்றும் கேளுங்கள். இல்லை என்றால், அந்த விடுதியின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, உங்கள் ஊர் ஓட்டுநர் சங்கத்திடம் கொடுங்கள்.